மேல்மாடியில் யாரும் இல்லை

கல்லூரியில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பாடம் கிடையாது. மொழிப்பாடம் எடுக்கும் மிஸ் நாற்காலியை மேடையிலிருந்து கீழே இறக்கிப் போட்டு மாணவர்களோடு உட்கார்ந்துகொள்வார். தாங்கள் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவராகப் பேச வேண்டும். கதைச் சுருக்கம் சொன்னால் மிஸ்ஸுக்குப் பிடிக்காது.

"புத்தகத்துல என்ன இருக்குன்னு நானே படிச்சுக்குவேன். அதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க."

அன்றைக்கு முதலில் எழுந்தவன் நெட்டை. வகுப்பறைக் கதவில் குனிந்து நுழைகிறவன். ஒரு மலையேறியின் வாழ்க்கையைப் படித்தானாம். பனியில் கால்விரல்கள் மரத்துப்போகும் இடம் வந்ததும் பயந்துபோய், ஷூவை மாட்டிக்கொண்டே போர்வைக்குள் படுத்துவிட்டானாம். "காலையில எங்கம்மா போர்வையைத் தூக்கிப் பார்த்துட்டு, ஏண்டா, வீட்டை விட்டு ஓடப் போறியா, சொல்லிட்டுப் போடான்னாங்க." வகுப்பே சிரித்தது.

அடுத்து பேசியவள் ஒரு காதல் கதையை பஸ்ஸில் படித்தவள். அழுத அழுகையில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டு பஸ் டிப்போ வரைக்கும் போய்விட்டாள். கண்டக்டர் ஏதோ துக்கச் செய்தி போலிருக்கிறது என்று தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஹீரோ அண்ணா" என்று சொல்ல வெட்கப்பட்டு, "சொந்தக்காரர்" என்று சொல்லிவிட்டாளாம்.

"பஞ்சு, நீ சொல்லு" என்றார் மிஸ்.

பஞ்சு எழுந்தாள். அவளுடைய அம்மா பொம்மைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர். உடம்பு தைத்து, பஞ்சு அடைத்து, கடைசியில் கண் வைத்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தட்டிவிட்டாலும் மகளின் தலையில் இரண்டு இழை ஒட்டிக்கொண்டுதான் வரும். அதனால் வந்த பெயர். அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். வீட்டில் பெரும்பாலும் அம்மாவும் மகளும்தான்.

ஒரு பயணக் கட்டுரையைப் பற்றிப் பேசத்தான் அவள் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"நான் ஒரு பேய்க்கதை படிச்சேன் மிஸ். அதிலேர்ந்து எங்க வீட்டுல பேய் இருக்கு."

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ராகமாகச் சொன்னான். மறுபடியும் சிரிப்பு. பஞ்சு சிரிக்கவில்லை. கீழுதட்டைக் கடித்தபடி நின்றாள். சிரிப்பு தானாக அடங்கியது.

"உட்கார்ந்துக்கிட்டே சொல்லும்மா" என்றார் மிஸ்.

குளிர் தொடங்கிய சமயத்தில்தான் அந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்தாளாம். பழைய வீடு ஒன்றின் மேல்தளத்தில் யாரோ நடமாடுவதாக வரும் கதை. படிக்க ஆரம்பித்த இரண்டொரு நாளிலேயே தன் வீட்டு மேல்மாடியிலும் காலடிச் சத்தம் கேட்டது. மேல்மாடி பூட்டிக் கிடந்தது. அங்கே குடியிருக்க ஆளில்லை. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல ஒரு கனம். ஒருநாள் தையல் மெஷினுக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தாள். கத்தினாள். விளக்கைப் போட்டதும் அங்கே ஒன்றும் இல்லை. கண் வைக்காத பொம்மைத் தலைகள் மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"புத்தகத்தாலதான்னு நினைச்சு நூலகத்துல திருப்பிக் கொடுத்துட்டேன். அப்பவும் நிக்கல. அம்மா அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்ல மிஸ். ஆனா அவங்களுக்கும் கேக்குது. யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கறாங்க. ஒரு ஜோடி குருவி வளர்த்தோம். ரெண்டும் ஒரே நாள்ல கூண்டுக்குள்ள விழுந்து கிடந்துச்சு."

பஸ் டிப்போ வரை போனவள் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டைக் காலி பண்ணிடுங்க பஞ்சு" என்றான் நெட்டை. அவன் குரலில் கேலி இல்லை.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று மிஸ் கேட்டார்.

"தலைவலின்னு சொன்னாங்க. காலையில வாந்தி எடுத்தாங்க. எழுந்து நின்னா தள்ளாடுது. நான் இருக்கேன்னு சொன்னேன். பரீட்சை வருது, நீ போடின்னு துரத்தி விட்டுட்டாங்க."

சன்னல் ஓரத்தில் ஒருவன் எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. அவனுக்குப் பொட்டலம் என்று பெயர். கடையில் கடலை வாங்கினால் கடலையைக் கீழே கொட்டிவிட்டு, சுற்றி வந்த காகிதத்தைப் படிக்கிறவன். பேச எழுந்தால் முகம் சிவந்துவிடும். இன்றைக்கு வெளுத்திருந்தது.

"மிஸ், என் புத்தகத்தைப் பத்தி நான் இப்பவே சொல்லணும்."

"உன் முறை இன்னும் வரலையேப்பா."

"இப்பவே சொல்லணும் மிஸ்."

அது பழைய பேப்பர் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த புத்தகம். அடுப்பு, கணப்பு, புகைக்குழாய் பழுதுபார்க்கிறவர்களுக்காக யாரோ எழுதியது. யாராவது சிரிப்பார்கள் என்று அவன் இதுவரை அதை வெளியே எடுத்ததில்லை. இப்போதும் எடுக்கவில்லை. மனதிலிருந்தே சொன்னான், பஞ்சுவைப் பார்த்தபடி.

"உங்க வீட்டுல எது எரியுது?"

"என்னது?"

"நெருப்பு. குளிருக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"கேஸ் ஹீட்டர். சுவத்துல மாட்டினது. வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தது."

"அம்மா பகல் பூரா அதைப் போட்டுக்கிட்டா தைக்கிறாங்க?"

"விரல் விறைச்சுப் போச்சுன்னா ஊசி பிடிக்க முடியாதே."

"சன்னல்?"

"குளிர்க்காத்து வருதுன்னு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கோம்."

"உனக்கும் தலைவலி வருதா? காலேஜுக்கு வந்தா விட்டுடுதா?"

பஞ்சு யோசித்தாள். விட்டுவிடும். பேய் வீட்டில்தானே இருக்கிறது, கல்லூரிக்கா வரும் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், சரியா எரியாத நெருப்புலேர்ந்து ஒரு வாயு வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. புகைக்குழாய்ல கோளாறு இருந்தா அது வீட்டுக்குள்ளயே தங்கிடும். மெல்ல மெல்ல மூச்சு வழியா ரத்தத்துல ஏறும். தலைவலி, வாந்தி, நெஞ்சுல கனம். இல்லாத சத்தம் கேக்கும், இல்லாத ஆள் தெரியும். பேய் பிடிச்சதுன்னு நினைச்சே ஒரு குடும்பம் மாசக்கணக்கா உள்ளயே இருந்துச்சுன்னு அதுல எழுதியிருந்தது." அவன் கொஞ்சம் நின்றான். "சின்ன உசிருதான் முதல்ல போகும்னு போட்டிருந்தது."

பேய் என்று நம்பிய நாட்களில்கூட பஞ்சு இவ்வளவு பயந்ததில்லை. பேய் பயமுறுத்தும். வேறென்ன செய்யும் என்று அவள் யோசித்ததே இல்லை.

மிஸ் தன் கைப்பேசியை எடுத்து நீட்டினார். "அம்மா நம்பரைப் போடு."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். அதுவும் ஓய்ந்தது.

"தூங்கறாங்களா இருக்கும்" என்றது ஒரு குரல்.

"தூங்கத்தான் வைக்கும்" என்றான் பொட்டலம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தவனைப் போல வாயை மூடிக்கொண்டான்.

மிஸ்ஸின் கார் சின்னது. முன்னால் பஞ்சு. பின்னால் முழங்கால் முகவாயில் இடிக்க நெட்டையும் பொட்டலமும். பொட்டலம்தான் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினான். முகவரியைப் பஞ்சு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். "தீ எங்கே?" என்று மறுமுனையில் கேட்டார்கள் போலிருக்கிறது. "தீ இல்ல சார், வாயு. கார்பன் மோனாக்சைடா இருக்கும்னு நினைக்கிறேன். ஆம்புலன்ஸும் வேணும்" என்றான். வைத்ததும் மெதுவாக, "நான் படிச்சது தப்பா இருந்தா என்ன மிஸ் செய்யறது?" என்று கேட்டான்.

"தப்பா இருந்தா எல்லாரும் அவங்க வீட்டுல டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார் மிஸ். சொல்லிக்கொண்டே ஹாரனை விடாமல் அடித்தார்.

பள்ளி விடும் நேரம். முனைக்கு முனை பிள்ளைகளை ஏற்றிய வண்டிகள். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது பஞ்சு கதவைத் திறந்து இறங்கி ஓடப் பார்த்தாள். மிஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "ஓடினா எனக்கு முன்னாடி போயிடுவியா? உட்காரு."

அந்தத் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தன. எதிரே ஒரு சலவைக்கடை. பஞ்சு தன் வீட்டுக் கதவை இரண்டு கைகளாலும் அறைந்தாள். "அம்மா! அம்மா, திற!" உள்ளேயிருந்து பதில் இல்லை. சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. சன்னலில் ஒட்டிய தாளில் நீர் கோத்திருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை.

பஞ்சு கதவைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

நெட்டை தன் கோட்டைக் கழற்றி முழங்கையில் சுற்றிக்கொண்டு கதவை ஒட்டியிருந்த சன்னல் கண்ணாடியை உடைத்தான். சத்தம் கேட்டு சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தார். "ஏய், யாருடா நீங்க?" என்று வந்தவர் பஞ்சுவைப் பார்த்ததும் நின்றார்.

"மூச்சைப் பிடிச்சுக்கணும்" என்றான் பொட்டலம். "உள்ள போய் மூச்சு விடாதீங்க. முடியலைன்னா உடனே வெளிய வந்துடணும். உள்ளயே நின்னா நாமளும் விழுந்துடுவோம்."

நெட்டை உடைந்த சன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தான். நீளமான கை அன்றைக்கு உதவியது. கதவு திறந்தது. வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. அதில் புதிதாக ஒரு வாசனையும் இல்லை. துவைத்த துணியும் புதுப்பஞ்சும் சேர்ந்த வழக்கமான வீட்டு வாசனைதான். அவ்வளவு சாதாரணமாக இருந்ததுதான் பஞ்சுவை உலுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

அம்மா தையல் மெஷினுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். கையில் பாதி தைத்த பொம்மை. சுவரில் ஹீட்டர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மிஸ் ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வெளியே பாய்ந்து மூச்சு வாங்கினார். நெட்டையும் சலவைக்கடைக்காரரும் அம்மாவின் தோள்களைப் பிடிக்க, பஞ்சு கால்களைப் பிடித்தாள். அம்மா இவ்வளவு கனமா? வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வாயைத் திறந்தால் செத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் வாசற்படி வந்திருந்தது.

நடைபாதையில் படுக்க வைத்தார்கள். அம்மாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. பொட்டலம் குனிந்து மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தான். வெகுநேரம் நிமிரவேயில்லை. அவன் நிமிரும் வரைக்கும் பஞ்சு அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் முகத்தை மூடி ஆக்ஸிஜன் முகமூடி போட்டார்கள். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா வெளியே வந்து, பொட்டலம் சொன்ன அதே வாயுவின் பெயரைச் சொன்னார். பஞ்சுவையும் உட்கார வைத்து ஒரு முகமூடி மாட்டினார். அவள் ரத்தத்திலும் அது இருந்தது.

அம்மா மறுநாள்தான் தெளிவாகக் கண் திறந்தார். அப்பா பாதி வழியில் சரக்கை வேறொரு லாரிக்கு மாற்றிவிட்டு வந்து சேர்ந்திருந்தார். மனைவியின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா மகளைத்தான் முதலில் தேடினார்.

"ஏண்டி, காலையிலேர்ந்து கதவைத் தட்டிக்கிட்டே இருந்தியே. நான் வரேன், வரேன்னு சொன்னேனே, உனக்குக் கேக்கலையா? எழுந்திரிக்க முடியல."

முந்தைய நாள் காலை முழுதும் பஞ்சு கல்லூரியில் இருந்தாள். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. "கேட்டுச்சும்மா" என்றாள்.

தீயணைப்பு வீரர்கள் அறையின் உட்கூரைப் பலகைகளைக் கழற்றிப் பார்த்தார்கள். ஹீட்டரின் தகரக் குழாய் பலகைக்கு மேலே மூட்டு விட்டுத் தனியாகக் கிடந்தது. புகை வெளியே போவதற்குப் பதிலாகப் பலகை இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. மூட்டில் படிந்திருந்த துருவைப் பார்த்தால் அது கழன்று நாளாகியிருக்கும் என்றார்கள்.

வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "இதுவரைக்கும் யாரும் ஒரு குறை சொன்னதில்லையே."

சலவைக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. இவங்களுக்கு முன்னாடி குடியிருந்த பொண்ணு போன குளிர்காலம் பூராவும் சொல்லிக்கிட்டே இருந்துச்சே. யாரோ அழறாங்கன்னு தெருவுல வந்து நிக்கும். புருஷன் பகல்ல வீட்டுல இல்ல, அவனுக்கு ஒண்ணும் கேக்கல. பைத்தியம்னு சொல்லி அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு அவன் வேற வீடு பார்த்துக்கிட்டுப் போயிட்டான்."

தீயணைப்பு அதிகாரி வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அம்மா நடக்க ஆரம்பித்த பிறகு வேறு வீடு பார்த்தார்கள். அங்கே சன்னல்கள் திறந்தே கிடந்தன. குளிரில் பல் கிட்டியது. ஆனால் பஞ்சு ஒரு சன்னலையும் மூட விடவில்லை. அம்மா உறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் மூச்சை மெதுவாக இழுத்து, அதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவாள். எதுவும் இருக்காது. இல்லை என்பதே அவளை இன்னும் அஞ்ச வைத்தது. வகுப்பில் தலைவலி என்று யாராவது சொன்னால் கையிலிருக்கும் பேனா நழுவிவிடும்.

"அந்தப் பொண்ணை ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

முகவரியைச் சலவைக்கடைக்காரர் விசாரித்துக் கொடுத்தார். போகும் வழியெல்லாம் பஞ்சு வார்த்தைகளைத் தேடிக்கொண்டே வந்தாள். என்ன சொல்வது? உங்கள் வாழ்க்கை ஒரு தகரக் குழாயால் போயிற்று என்றா?

கதவைத் திறந்தவர் அண்ணி. யார், என்ன என்று கேட்டுவிட்டு, "அவகிட்ட அதிகம் பேச்சுக் கொடுக்காதீங்க. மருந்து சாப்பிடறா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பெண் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். யாராவது வந்தால் முதலில் அவர்கள் கையைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. மாத்திரை கொண்டு வருகிறார்களா என்று பார்ப்பது போல.

அம்மா அவள் எதிரே உட்கார்ந்தார். "நாங்க அந்த வீட்டுலதான் இருந்தோம்மா. நீங்க இருந்த அதே வீட்டுல."

துணி மடித்த கை நின்றது.

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் அம்மா. "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. இவளுக்கு மேல்மாடியில யாரோ நடந்தாங்க."

அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "எனக்குக் குழந்தை அழுகை" என்றாள். கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "எங்கே போய்த் தேடினாலும் அடுத்த ரூம்லேர்ந்து கேக்கும்."

பஞ்சு சொன்னாள். ஹீட்டரைப் பற்றி, குழாயைப் பற்றி, துருப்பிடித்த மூட்டைப் பற்றி, குருவிகளைப் பற்றி, புத்தகம் படித்த நண்பனைப் பற்றி, டாக்டரம்மா சொன்னதைப் பற்றி. பாதியில் குரல் உடைந்தது. மறுபடி தொடர்ந்தாள். முடிந்ததும் அந்தப் பெண் மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். அடுக்கியதைக் கீழே தட்டிவிட்டாள்.

"நீங்க எதுக்கும் பயப்படாதீங்க" என்று எழப்போன அம்மாவை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடி வலித்தது.

"இருங்க. போயிடாதீங்க."

வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். "அண்ணா! அண்ணி! ரெண்டு பேரும் இங்க வாங்க." அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியே நாளாகிவிட்டது போலும். செய்தித்தாளும் கையுமாக அண்ணன் பதறிக்கொண்டு வந்தார். கைத்துடைக்கும் துணியோடு அண்ணியும் வந்தார். அவர்களைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். கதவருகே தான் நின்றுகொண்டாள், யாரும் எழுந்து போய்விடாதபடி.

"இப்ப சொல்லுங்க" என்றாள் பஞ்சுவிடம். "முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம."